வெள்ளைத்தாளில் ஓர் ஆய்வுக் கட்டுரை

கேள்வி: 'ரைட்டர்ஸ் பிளாக்' நிஜமாகவே ஒரு நோயா, எழுதாமல் இருப்பதற்குச் சொல்லும் சாக்கா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத ஆய்வுக் கட்டுரை வந்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: எழுதத் தெரிந்து, விருப்பமும் நேரமும் இருந்தும் எழுத்து நகராமல் நிற்கும் நிலைதான் 'ரைட்டர்ஸ் பிளாக்'. சோம்பல் வேறு, சோம்பேறிக்கு எழுதாததில் வருத்தம் இருக்காது. வியன்னாவிலிருந்து நியூயார்க் சென்ற உளப்பகுப்பாய்வாளர் எட்மண்ட் பெர்க்லர் 1940களில் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கைக்குழந்தையாக இருந்தபோது தாய்ப்பால் மறுக்கப்பட்டதான மனக்குறையில் போய் அவர் காரணம் தேடினார். விளக்கம் மங்கிவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டி.எஸ்.எம்., இதைத் தனி நோயாகக் குறிப்பிடுவதில்லை.

வெற்றுக் கட்டுரை வந்தது உண்மைதான். 1974இல் உளவியலாளர் டென்னிஸ் அப்பர், தமக்கு வந்த 'ரைட்டர்ஸ் பிளாக்'குக்குத் தாமே சிகிச்சை செய்து தோற்றதாகத் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். இல்லை, எழுதவில்லை: தலைப்பின் கீழே வெற்றிடம், அடியில் ஓர் அடிக்குறிப்பு. நடத்தைப் பகுப்பாய்வுக்கான மதிப்புமிக்க ஆய்விதழ் ஒன்று அதை அப்படியே அச்சிட்டது. நகைச்சுவையின் உச்சம், கூடவே வெளியான மதிப்பீட்டாளர் கருத்துரை. கையெழுத்துப் பிரதியை எலுமிச்சைச் சாறு தடவியும் எக்ஸ்ரே எடுத்தும் பார்த்ததாகவும், குறை எதுவும் தென்படவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். அப்பரின் தோல்வியைப் பிறரும் செய்துபார்க்கப் போதிய விவரம் இருப்பதாகவும் பாராட்டினார். 2007இல் வேறு சில ஆய்வாளர்கள் பல ஊர்களில் அதைச் 'செய்துபார்த்து', அதே இதழில் மற்றொரு வெற்றுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

'ரைட்டர்ஸ் பிளாக்' என்ற பெயரை வைத்துச் சொல் விளையாட்டுகளும் உண்டு. தம் நிலை வெறும் 'பிளாக்' அல்ல, 'பிளாக்கேட்', அதாவது முற்றுகை என்று அமெரிக்க எழுத்தாளர் ஃபிரான் லெபோவிட்ஸ் தம்மையே கேலி செய்துகொண்டார்.

இந்தக் கேலிகளெல்லாம் வெற்றுத்தாளைத்தான் காட்டுகின்றன. நடப்பில் பல நேரம் இருப்பது அடித்துத் திருத்திய தாள். கலிஃபோர்னியாவில் மாணவர்களை ஆராய்ந்த மைக் ரோஸ், 1980இல் வெளியிட்ட கட்டுரையில், தடைபட்டவர்களிடம் இறுகிய விதிகள் இருப்பதைக் காட்டினார்: தொடக்கமே வாசகரைக் கட்டிப்போட வேண்டும், ஒவ்வொரு வாக்கியமும் எடுத்த எடுப்பிலேயே பிழையின்றி அமைய வேண்டும் என்பன போன்றவை.

தாள் வெறுமையாக இல்லாமலே எழுத்து தடைபடும் என்பதற்கு 'நியூயார்க்கர்' இதழின் எழுத்தாளர் ஜோசஃப் மிட்செல் விசித்திரமான சாட்சி. மாபெரும் வாய்மொழி வரலாறு ஒன்றை எழுதிவருவதாகச் சொல்லித் திரிந்த ஜோ கூல்டிடம் அப்படியொரு நூலே இல்லை என்று 1964இல் மிட்செல் விரிவாக எழுதினார். அதன்பின் 1996இல் இறக்கும்வரை அலுவலகத்துக்கு வந்துபோனார். புதிய கட்டுரை எதையும் இதழுக்குத் தரவில்லை. ஆனால் அவர் எழுதாமல் இருக்கவில்லை. முடிக்காத நினைவுக்குறிப்புகள் அவர் மறைவுக்குப் பிறகு அச்சேறின.

எழுத்துக் கலையைக் கற்பித்த பேராசிரியர் பீட்டர் எல்போ 1973இல் பரிந்துரைத்த பயிற்சி இந்தத் திருத்தும் கையைத்தான் கட்டிப்போடுகிறது: பத்து நிமிடம், பேனாவை எடுக்காமல், எதையும் அடிக்காமல் எழுதுவது. வருவது குப்பையாக இருந்தாலும் பரவாயில்லை; திருத்தம் தனியாக, பிறகு.