பால் பல் சொத்தைக்கு நரம்பு சிகிச்சை: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

"எப்படியும் விழப்போற பல்லுதானே டாக்டர், புடுங்கிப் போட்டுருங்க." கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஐந்து வயதுப் பேரனை அழைத்து வரும் பாட்டிமார் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். விழப்போகிற பல் என்பது உண்மைதான். எப்போது விழும் என்பதில்தான் கணக்கு தவறுகிறது. முன்பற்கள் 6, 7 வயதில் ஆடத் தொடங்கிவிடும். பின்னால் இருக்கும் கடைவாய்ப் பால் பற்களோ 9 முதல் 12 வயதுவரை வாயில் இருந்தாக வேண்டியவை. ஐந்து வயதில் அவற்றைப் பிடுங்கினால், இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் அந்தக் குழந்தை எதை வைத்து மெல்லும்?

இடப் பிரச்சினையும் இருக்கிறது. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பல பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அதன் முன்னால் இருக்கும் பால் பல் அகாலத்தில் போய்விட்டால், இந்தப் புதிய பல் மெல்ல முன்னோக்கி நகர்ந்து காலி இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு அங்கே வர வேண்டிய பல்லுக்கு வழி இருக்காது. கோணலாக முளைக்கும், அல்லது ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் பால் பல்லைக் காப்பாற்ற இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

படி 1: அறிகுறியைப் படியுங்கள்

பால் பல்லின் எனாமல், பெரியவர்கள் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிக் கனம்தான். உள்ளே ரத்தக் குழாய்களும் நரம்பும் அடங்கிய பற்கூழோ, பல்லின் அளவுக்குப் பெரியது. மேற்பரப்புக்கு மிக அருகில் இருப்பது. அதனால் வெளியே சிறு கரும்புள்ளியாகத் தெரியும் சொத்தை சில மாதங்களிலேயே நரம்பைத் தொட்டுவிடும்.

இனிப்போ ஐஸ்கிரீமோ சாப்பிடும்போது மட்டும் கூசி, உடனே அடங்கினால் சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்தாலே போதுமானதாக இருக்கலாம். எதுவும் சாப்பிடாமலேயே வலித்தால், தூங்கும் குழந்தையை வலி எழுப்பினால், நரம்பு வீங்கியிருக்கிறது என்று பொருள். பல்லுக்குக் கீழே ஈறில் சிறு கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கிறது.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கடுமையாக வலித்த பல் திடீரென்று அமைதியாகிவிட்டால் சரியாகிவிட்டது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும், கிருமி நிற்காது.

முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ, கண் மூடும் அளவுக்கு வீக்கம் ஏறினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 2: எக்ஸ்-ரேயும் முடிவும்

மருத்துவர் முதலில் ஒரு சிறிய எக்ஸ்-ரே எடுப்பார். கதிர்வீச்சின் அளவு மிகக் குறைவு, பயப்பட வேண்டாம். படத்தில் அவர் பார்ப்பது சொத்தையின் ஆழத்தை மட்டுமல்ல. வேர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, வேர்களுக்கு நடுவே எலும்பு அரித்திருக்கிறதா, அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல்லின் மொட்டுக்கு ஆபத்து உண்டா என்பதையும் பார்ப்பார்.

மேல் பகுதி நரம்பு மட்டும் கெட்டு, வேருக்குள் இருப்பது நலமாக இருந்தால் மேல் பகுதியை மட்டும் எடுப்பார்கள். இது புல்பாட்டமி. வேர்வரை கெட்டிருந்தால் முழு நரம்பையும் எடுக்க வேண்டும். இது புல்பெக்டமி. வேர் பெருமளவு கரைந்துவிட்டால், அல்லது மூடி போட முடியாத அளவுக்குப் பல் உடைந்திருந்தால், பிடுங்குவதே சரி. அப்போதும் அந்த இடம் அடைபடாமல் காக்கும் கம்பி வளையம் தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

ஆழமான சொத்தை எல்லாவற்றுக்கும் நரம்பு சிகிச்சை தேவைப்படாது. தானாக வரும் வலியோ கொப்புளமோ இல்லையென்றால், நரம்பை ஒட்டிய மெல்லிய படலத்தை அப்படியே விட்டு, மேலே மருந்து வைத்து இறுக்கமாக மூடியே பல்லைக் காப்பாற்ற முடியும். "நரம்பைத் தொடாமல் முடியுமா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

படி 3: குழந்தையைத் தயார்படுத்துங்கள்

இதய நோய், ரத்தம் உறையாத கோளாறு, ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை எதுவாயினும் முன்பே சொல்லிவிடுங்கள். இதயத்தில் குறையுள்ள குழந்தைக்குச் சிகிச்சைத் திட்டமே மாறலாம். வழக்கமான சிகிச்சைக்குச் சாப்பிட வைத்து அழைத்து வரலாம். மயக்க மருந்து என்று முடிவானால் எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதைக் கேட்டு, அதன்படி நடங்கள்.

"சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்ற மிரட்டலை வீட்டிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். "ஊசியே போட மாட்டாங்க" என்று பொய்யும் சொல்லாதீர்கள். "பல்லைத் தூங்க வைப்பாங்க, அப்புறம் சுத்தம் பண்ணுவாங்க" என்பது போதும்.

படி 4: நாற்காலியில் நடப்பது

ஈறில் ஜெல் தடவி, அது மரத்த பிறகு மெதுவாக ஊசி. பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பு. எச்சில் பல்லில் படாது, மருந்து தொண்டைக்குப் போகாது. சொத்தையைச் சுரண்டி எடுத்து, மேல் பகுதி நரம்பை நீக்கி, ஈரப் பஞ்சை வைத்து அழுத்துவார்கள்.

முடிவு சொல்லும் நிமிடங்கள் இவை. சில நிமிடங்களில் ரத்தம் நின்றால் வேர் நலம், எம்.டி.ஏ. போன்ற மருந்தை வைத்து மூடலாம். நிற்கவில்லையென்றால் வேருக்குள்ளும் வீக்கம் இருக்கிறது. சின்ன சிகிச்சை என்று தொடங்கியது முழு சிகிச்சையாக மாறுவது இதனால்தான். மருத்துவர் ஏமாற்றுகிறார் என்று சந்தேகப்பட வேண்டாம். உள்ளே திறந்து பார்த்த பிறகுதான் சில உண்மைகள் தெரியும்.

முழு சிகிச்சையில் மெல்லிய ஊசிகளால் வேரைச் சுத்தம் செய்து, மருந்து நீரால் கழுவி, உலர்த்தி, பசை போன்ற மருந்தை நிரப்புவார்கள். பெரியவர்களுக்கு வைக்கும் ரப்பர் குச்சி இங்கே கூடாது, அது கரையாது. பால் பல்லின் வேர் நாளாக நாளாகக் கரைய வேண்டும், கூடவே மருந்தும் கரைய வேண்டும். அப்போதுதான் அடியிலிருக்கும் பல் மேலே வரும். சீழ் இருந்தால் இரண்டு முறை வர வேண்டியிருக்கலாம்.

படி 5: மூடியைத் தவிர்க்காதீர்கள்

சிகிச்சை முடிந்த பல் எளிதில் உடையும். ஓரத்தில் கசிந்தால் கிருமி திரும்பப் போகும். கடைவாய்ப்பல்லுக்கு ஸ்டீல் மூடியே என் பரிந்துரை. 1950 முதல் புழக்கத்தில் இருப்பது, உறுதியானது, பல் விழும்போது கூடவே விழுந்துவிடும். வெள்ளை நிற ஜிர்கோனியா மூடிக்குச் செலவு அதிகம், பல்லையும் அதிகம் செதுக்க வேண்டும். முன்பல்லுக்கு அது பொருந்தும்.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். அதற்குள் குழந்தை உதட்டைக் கடித்துக் குதறிவிடும். மறுநாள் வெள்ளையாக வீங்கி நிற்பதைச் சீழ் என்று எண்ணிப் பெற்றோர் பதறி ஓடி வருவார்கள். மரப்பு போகும்வரை பக்கத்திலேயே இருங்கள். பிறகு தயிர் சாதம், ஆறிய கஞ்சி. கமர்கட், ஒட்டும் மிட்டாய் வேண்டாம், மூடியைப் பிடுங்கிவிடும்.

வலித்தால் எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. கிராம்புத் தைலம் ஈறைப் புண்ணாக்கும். போன முறை மிச்சமான ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெட்ட நரம்பை மாத்திரை அகற்றாது.

படி 7: ஆறு மாதத்துக்கு ஒரு முறை

மருத்துவர் சொல்லும் நாளில் காட்டுங்கள். கொப்புளம் திரும்ப வந்தால் பல்லை எடுக்க வேண்டியிருக்கும். மற்ற பற்களைக் காக்க, பால் புட்டியோடு தூங்க வைப்பதை நிறுத்துங்கள். ஃப்ளோரைடு பற்பசையை 3 வயதுவரை அரிசி அளவு, 6 வயதுவரை பட்டாணி அளவு வைத்து, காலையும் இரவும் துலக்கிவிடுங்கள். 7, 8 வயதுவரை இது உங்கள் கைவேலை.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் முதலில் அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் பாருங்கள். குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு அங்கே உண்டு. இன்றிரவு துலக்கும்போது கைபேசி விளக்கை அடித்துப் பிள்ளையின் கடைவாயைப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால், வலி வரும்வரை காத்திராமல் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.