நோயுற்ற கோழிக்குஞ்சைப் பேணும் முறை

அண்ணனூர், ஆவடி, திருமுல்லைவாயில் முதலிய இடங்களில் வீடுகள் நெருங்கி நிலம் சுருங்கிவிட்டதாயினும், கொல்லையில் நாட்டுக்கோழி வளர்க்கும் வழக்கம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த குஞ்சு ஒன்று இறகு சிலிர்த்து, கண் மூடி, ஒதுங்கி நிற்குமாயின், அதன் வாயைப் பிளந்து சோற்றைத் திணிப்பவர் பலர். அது பெருந்தவறு. குளிர்ந்த உடலில் இரை செரியாது. முதலில் வேண்டுவது சூடு, பிறகு ஜலம், இரை அதற்கும் பின்னரே. பொரித்து இரண்டு மூன்று நாள் வரையில் வயிற்றினுள் எஞ்சியுள்ள மஞ்சட்கருவே குஞ்சைப் போஷிக்கும்.

குஞ்சை உடனே மற்றவற்றினின்றும் பிரித்து, உலர்ந்த உமி பரப்பிய அகன்ற கூடையில் விட்டு, ஒரு பக்கத்தில் மாத்திரம் மின்விளக்கைத் தொங்கவிடல் வேண்டும். முதல் வாரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணமும், பின் வாரந்தோறும் 5 டிகிரி குறைவாகவும் இருத்தல் நன்று. உஷ்ணமானி இல்லாதவர் குஞ்சையே பார்த்தறியலாம். விளக்கடியில் ஒடுங்கினால் சூடு போதாது. விலகி நின்று வாய் திறந்து இரைத்தால் சூடு மிகுதி. சித்திரை, வைகாசிப் பகல்களில் விளக்கே வேண்டியிராது.

வெதுவெதுப்பான ஜலத்தில் அலகின் நுனியை நனைத்தால் குஞ்சு தானே குடிக்கும். தொண்டையில் ஊற்றினால் மூச்சுக்குழலிற் புகுந்து கொன்றுவிடும். எச்சம் காய்ந்து மலத்துவாரத்தை அடைத்திருப்பின், பிய்த்தெடுக்காமல் வெந்நீர்த் துணியால் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் உலர்த்துக. தெளிந்தபின் நொய்யும் சிறிது கறையானும் கொடுக்கலாம்.

இவ்வளவும் குளிரால் வாடிய குஞ்சுக்கே பயன்படும். எச்சத்தைக் கவனித்தல் அவசியம். மூன்று வாரத்திற்கு மேற்பட்ட குஞ்சு இரத்தமாகக் கழிந்தால், அது பெரும்பாலும் ஈர உமியில் பெருகும் நுண்கிருமியின் வேலை. உமியை முழுதும் மாற்றி, கால்நடை மருத்துவர் தரும் மருந்தை ஜலத்திற் கலந்து கொடுத்தால் பிழைக்கக்கூடும். வெண்மையும் பச்சையுமாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்துத் திருகுமாயின், 1927இல் குமாவும் மலையிலுள்ள இராணிகேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்ற கொள்ளை நோயெனச் சந்தேகிக்க வேண்டும். நம் நாட்டார் வெள்ளைக்கழிச்சல் என்பதும் இதனையே. வந்தபின் இதற்கு மருந்தில்லை. நலமாயுள்ள குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் ஒரு துளித் தடுப்பு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் போடும் ஊசியுமே காவல். அம்மருந்து பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவரப்படாவிடில் வீணே.

செத்தது போக மிஞ்சியதையாவது காசாக்குவோமென்று சந்தைக்கு எடுத்துச் செல்வதே இந்நோய் ஊர்விட்டு ஊர் பரவும் வழி. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு குறித்த 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இத்தகைய நோயைச் சந்தேகிக்கும் கோழிக்குரியவர் கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துக்கோ அறிவித்தல் வேண்டும். அவர் வாயிலாக அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் செய்தி செல்லும். இறந்தவற்றைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். இரை வைப்பவர் நலமுள்ள கோழிகளை முதலிலும் நோயுற்றவற்றைக் கடைசியிலும் கவனித்து, கைகால்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.