தனி அறையில் நோயாளியின் மனம்

தொற்றுநோய்க்கு ஆளானவரை மருத்துவமனையில் தனியே வைப்பது, கிருமி பிறருக்குப் பரவாதிருக்கும் பொருட்டேயாம். ஆனால் கிருமியோடு மனிதரும் அடைபட்டுப் போகின்றார். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயின்போது இதனை நாம் அனைவரும் கண்டோம். முகக்கவசத்துக்குப் பின்னே நிற்பவர் மருத்துவரா செவிலியரா என்று அறியாமலே பல முதியோர் நாள்களைக் கழித்தனர். தனிமையில் வைக்கப்பட்டோரிடம் அச்சமும் மனச்சோர்வும் மிகுதியாதலை ஆய்வுகள் காட்டியுள்ளன. அவ்வறைகளுக்குள் பணியாளர் செல்லும் தடவைகளும் குறைவே.

காசநோயின் வரலாறு இங்கு நமக்கு நல்ல பாடமாகும். முன்னாளில் அந்நோயாளிக்கு ஊர்ப்புறத்துச் சானடோரியமே கதியாயிருந்தது. 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவியதன் பெயரை அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கின்றது. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து அங்கே கிடக்கத்தான் வேண்டுமா? இவ்வினாவுக்கு விடை காணும் ஆய்வு 1956இல் சென்னையில் தொடங்கிற்று. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்க்கு வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். நல்லுணவும் ஓய்வும் அவர்க்குக் குறைவு. எனினும் 1959இல் வெளிவந்த முடிவின்படி, இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றனர். வீட்டாருக்கு நோய் தொற்றுவதும் அதிகரிக்கவில்லை. குணப்படுத்தியது மருந்தே; பிரிவு அன்று. உலகின் காசநோய் மருத்துவத்தையே மாற்றிய இவ்வாய்வு நம் ஊரில் நடந்ததென்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

இன்றும் நோய் முற்றியவர்களும், மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத காசநோய் உற்றவர்களும் மருத்துவமனையில் தங்க நேர்கின்றது. இவர்களுடைய மனமாற்றம் அனைத்தும் கவலையால் வருவதன்று. கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் சைக்ளோசெரின் என்னும் மருந்து சிலருக்கு மனச்சோர்வையும் குழப்பத்தையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தையும்கூட உண்டாக்கும். எனவே நோயாளியின் பேச்சோ உறக்கமோ மாறினால் அன்றே மருத்துவரிடம் கூறல் வேண்டும்; மருந்தை நாமே நிறுத்திவிடலாகாது. முதியோர் திடீரென்று ஆள் தெரியாமல் பேசுவதும், இரவில் கலவரப்படுவதும் காய்ச்சலாலோ பிராணவாயுக் குறைவாலோ நேரலாம். அதனைப் பைத்தியம் என்று எண்ணி மறைப்போர் உளர். அது உடனே மருத்துவம் வேண்டும் அறிகுறியாகும்.

உறவினர் செய்யத்தக்கவை சிறியனவே. மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, கடிகாரம் ஆகியவற்றை அறைக்கு அனுப்பி வைக்கலாம். பகலா இரவா என்று தெரிந்திருப்பதே பாதிக் குழப்பத்தைத் தவிர்க்கும். நாள்தோறும் ஒரே வேளையில் தொலைபேசியில் பேசுக. மாணவனைப் பெயர் சொல்லி அழைத்தல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடம். படுக்கை எண்ணாக மாறிப் போனவருக்கு அது இன்னும் தேவை. பொழுது சாய்ந்தபின் உண்ணாத நம் பெரியோரைப் பற்றிச் செவிலியரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இல்லையேல், தொடாத இரவுணவைக் கண்டு பசியின்மை என்று குறித்துக்கொள்வர். முதியவரோ பட்டினி கிடப்பார். துயரம் மிகுமாயின் 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும்.

வீடு திரும்பிய பின்னும் சில இல்லங்களில் தனித்தட்டும் தனித்தம்ளரும் காத்திருக்கின்றன. மருத்துவமனையில் அழாதவர் இதனைக் கண்டு அழுவதுண்டு. காசநோய் இருமலின் வழியே காற்றில் பரவுவது. தட்டின் வழியே பரவுவதன்று. உரிய மருந்தைத் தொடங்கியபின் பெரும்பாலோரிடம் தொற்றும் தன்மை சில வாரங்களில் வெகுவாகக் குறைந்துவிடும். முகக்கவசம் எந்நாள் வரை வேண்டும் என்பதை வீடு திரும்பும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு, வீட்டார் அனைவருக்கும் தெரிவித்துவிடுக.