ரோடு சைக்கிளில் ஏதோ சரியில்லையா? கோளாறைக் கண்டுபிடிக்க 15 குறிப்புகள்

நேற்றுவரை நன்றாக ஓடிய சைக்கிள் இன்று ஏதோ மாதிரி இருக்கிறது. லேசாகத் தடதடக்கிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, வளைவில் பிடிமானம் இல்லாததுபோல் தோன்றுகிறது. மெல்லிய டயரும் எடை குறைந்த பிரேமும் உள்ள ரோடு சைக்கிள் சின்னக் கோளாறைக்கூட உடம்புக்குத் தெரியப்படுத்திவிடும். அந்த உணர்வை அலட்சியப்படுத்தக் கூடாது. அதே சமயம், காரணம் தெரியாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தை வீணாக்கவும் வேண்டாம். வீட்டிலேயே வரிசையாகச் சோதித்தால் பெரும்பாலான கோளாறுகள் பிடிபட்டுவிடும்.

1. கருவியை எடுப்பதற்கு முன், கோளாறு எப்போது வருகிறது என்று கவனியுங்கள். மிதிப்பதை நிறுத்தியதும் நின்றுபோனால் கிராங்க், பெடல், செயின் பக்கம் பாருங்கள். மிதிக்காமல் உருளும்போதும் தொடர்ந்தால் டயர் அல்லது சக்கரம். சீட்டிலிருந்து எழுந்ததும் நின்றால் சீட், சீட் போஸ்ட். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக் அல்லது ஹேண்டில்பாரின் அடியில் உள்ள ஹெட்செட். இதிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

2. தடக் தடக் என்று வந்தால் அதன் வேகத்தைக் கணக்கிடுங்கள். ரோடு சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் ஓடும். 25 கி.மீ. வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்று அதிகம். கால்களோ நொடிக்கு ஒன்றரைச் சுற்றுதான் மிதிக்கும். வேகமாக அடித்தால் சக்கரம், காலோடு சேர்ந்து அடித்தால் கிராங்க் அல்லது பெடல். இரண்டு மூன்று மிதிச் சுற்றுக்கு ஒருமுறை வந்தால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கலாம். 110 கண்ணி உள்ள செயின், 50 பல் சக்கரத்தில் ஒருமுறை முழுதாகச் சுற்றிவர இரண்டு மிதிக்கு மேல் ஆகும் என்பதுதான் காரணம்.

3. எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் காற்றைப் பாருங்கள். வளைவில் பின்பக்கம் மிதப்பதுபோல் இருந்தால், பெரும்பாலும் பின் டயரில் மெதுவாகக் காற்று இறங்கும் பஞ்சர்தான். மாறாக, எல்லாச் சாலையும் கரடுமுரடாகத் தோன்றினால் காற்று அதிகம். 25 மி.மீ. டயரில், 70 கிலோ எடை உள்ளவர் 80 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, தன் வசதிக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். பின் டயருக்குக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். டயரில் அச்சிட்ட அதிகபட்ச அளவு என்பது தாண்டக் கூடாத எல்லை, அடிக்க வேண்டிய அளவல்ல. ஓரத்தில் டயரைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம் என்றால் 72.5 பிஎஸ்ஐக்கு மேல் போகவே கூடாது. மெல்லிய பிரெஸ்டா வால்வு பஞ்சர் கடை பம்புக்குப் பொருந்தாது. பையில் ஒரு சின்ன அடாப்டர் வைத்திருங்கள்.

4. டியூப் மாற்றிய மறுநாள் தடதடப்பு தொடங்கினால், டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் போகும். அது எங்காவது உள்ளே அமுங்கியோ மேலே ஏறியோ இருந்தால், காற்றை இறக்கி, அந்த இடத்தைக் கையால் பிசைந்து சரிசெய்து மறுபடி அடியுங்கள். வால்வு உள்ள இடத்தை மறக்காமல் பாருங்கள். டியூப் மாட்டிக்கொள்வது அங்கேதான் அதிகம்.

5. சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்மைப் பார்க்காமல் டயரின் நடுப்பகுதியை மட்டும் பாருங்கள். ரிம் நேராக ஓட, டயர் மட்டும் பாம்புபோல நெளிந்தாலோ ஓரிடத்தில் புடைத்தாலோ உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அந்த டயரை ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், உடனே மாற்றுங்கள்.

6. இப்போது ரிம்மைப் பாருங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் கோட்டம் இருக்கிறது. டிஸ்க் பிரேக் சைக்கிளில் ஃபோர்க்கில் ஒரு டேப்பை ஒட்டி, அதை அடையாளமாக வைத்துப் பார்க்கலாம். ஒரே பக்கத்துப் போக்ஸ் கம்பிகளை விரலால் சுண்டுங்கள். மற்றவை போல் ஒலிக்காமல் மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. பின் சக்கரத்தில் வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தைவிட இறுக்கமாக இருப்பது இயல்புதான். கோட்டம் எடுக்கப் பழக்கம் இல்லையென்றால் கடையில் கொடுப்பதே நல்லது.

7. சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் முதலில் குவிக் ரிலீஸ் அல்லது அச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் ஆடினால் ஹப்பின் கோன் தளர்ந்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது.

8. குண்டும் குழியுமான சாலையில் முன்பக்கம் தட்டினால் ஹெட்செட் தளர்ந்திருக்கலாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள். இன்னொரு கை விரலை ஹெட்செட்டும் பிரேமும் சேரும் இடத்தில் வையுங்கள். ஆட்டம் விரலுக்குத் தெரியும். விரல் வைக்காமல் பார்த்தால், பிரேக்கில் உள்ள சின்ன ஆட்டத்தை ஹெட்செட் ஆட்டம் என்று நினைத்துவிடுவோம். சரிசெய்யும் முறை: ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், மேல்மூடி போல்ட்டை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள், பிறகு பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்குங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

9. சைக்கிள் நேராகப் போகாமல் இடமும் வலமும் அலைந்துகொண்டே இருந்தால், முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நேர்நிலைக்கு வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல நின்றால் பேரிங்கின் ஓடுபாதை தேய்ந்துவிட்டது. கிரீஸ் வைத்துப் பயனில்லை, பேரிங்கை மாற்றத்தான் வேண்டும். மழைத்தண்ணீரும் வியர்வையும் இந்தப் பேரிங்கை எளிதில் கெடுக்கும்.

10. ஒரு பக்கம் இழுக்கிறதா? சக்கரம் ஃபோர்க்கின் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ரிம் பிரேக் சைக்கிளில் ஒரு எளிய சோதனை உண்டு. முன் சக்கரத்தைக் கழற்றி, இடம் வலமாகத் திருப்பி மாட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு சக்கரத்தில். மாறாவிட்டால் ஃபோர்க்கிலோ பிரேமிலோ. டிஸ்க் பிரேக் சக்கரத்தை இப்படித் திருப்ப முடியாது.

11. கிராங்க் கையைப் பிடித்துப் பிரேமை நோக்கித் தள்ளி இழுங்கள். இரண்டு கிராங்க் கையும் சேர்ந்து ஆடினால் நடு பேரிங் போய்விட்டது. ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க்தான் தளர்ந்திருக்கிறது. ஷிமானோ ஹாலோடெக் 2 கிராங்கில் இடப்பக்கக் கையின் இரண்டு போல்ட்டுகளையும் 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை, மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும். பெடலையும் பாருங்கள். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது, கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில்தான் இறுகும்.

12. அழுத்தி மிதிக்கும்போது கால் திடீரென்று நழுவினால் செயினை அளந்துபாருங்கள். இரும்பு டேப்பை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். புதுச் செயினில் அதற்கடுத்த 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். 8இல் ஒரு பங்கு தாண்டிவிட்டால் பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியான கேசட்டும் தேய்ந்திருக்கும். சைக்கிள் வலப்பக்கம் விழுந்த பிறகு கியர் நழுவினால், பின் கியர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். வளைந்த நிலையில் பெரிய பல்லுக்கு மாற்றினால் கியர், சக்கரத்தின் போக்ஸ் கம்பிக்குள் சிக்கிவிடும்.

13. பிரேக் பிடித்தால் நடுங்குகிறதா? ஹெட்செட் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரிம்மை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். பிரேக் கட்டையில் பதிந்த அலுமினியத் துகள்களை ஊசியால் எடுங்கள். ரிம்மின் பிரேக் பரப்பில் ஸ்கேலை வைக்கும்போது நடுவில் குழிவு தெரிந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. டிஸ்க் என்றால் தகட்டின் தடிமனைப் பாருங்கள். ஷிமானோ தகடு 1.8 மி.மீ. அளவில் வரும், 1.5 மி.மீ. ஆனதும் மாற்ற வேண்டும்.

14. இறக்கத்தில், குறிப்பிட்ட வேகத்தில் ஹேண்டில்பார் தானாக உதறத் தொடங்கலாம். கோளாறே இல்லாத சைக்கிளிலும் இது வரும். முன் சக்கரத்தின் அசைவும் பிரேம் நெளிவும் ஒன்றையொன்று வளர்ப்பதால் உண்டாகும் அதிர்வு இது. உயரமான பிரேமில் அதிகம் வரும், குளிரில் ஓட்டுபவர் நடுங்கினாலும் தூண்டப்படும். பயந்து ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பிடியைத் தளர்த்தி, முழங்காலை மேல் குழாயில் அழுத்தி, சீட்டிலிருந்து எடையை லேசாக எடுங்கள், பிரேக்கை நிதானமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். நின்ற பிறகு 5 முதல் 8 வரையுள்ள சோதனைகளைச் செய்துவிட்டே மறுபடி கிளம்புங்கள்.

15. எதுவும் பிடிபடாமல் சைக்கிள் மட்டும் தொளதொளவென்று நெகிழ்வாக இருந்தால் பிரேமைத் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஹெட்செட்டுக்குக் கீழே, நடு பேரிங்கைச் சுற்றி, சீட் போஸ்ட் நுழையும் இடம், பின் அச்சு உட்காரும் இடம், ஃபோர்க்கின் தோள் ஆகிய இடங்களில் விரிசல் வரும். கார்பன் பிரேமில் நாணயத்தால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் ஒலி மங்கினால் சந்தேகப்படுங்கள். சந்தேகம் தீரும்வரை அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள்.

சரிசெய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழகிய அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. நண்பரிடம் பொருந்தும் சக்கரம் இருந்தால் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது, பாதிச் சந்தேகத்தைச் செலவில்லாமல் தீர்த்துவிடும்.

காற்று, செயின் போன்றவற்றுக்கு ஒரு நாள் பொறுக்கலாம். டயர் புடைப்பு, தளர்ந்த கிராங்க், ஹெட்செட் ஆட்டம், பிரேம் விரிசல் ஆகிய நான்குக்கும் பொறுக்கக் கூடாது. ஏற்காடு, கொல்லிமலை போன்ற மலைப்பாதைக்குக் கிளம்பும் முன் இந்த நான்கையும் கட்டாயம் பாருங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.