பாஸ்வேர்டு சரி, சர்வர் ஏன் மறுக்கிறது?

ஆபீஸ் விண்டோஸ் சர்வரில் ஷேர் ஃபோல்டரைத் திறந்தால் சில சமயம் 1326, சில சமயம் 1909 என்று பிழை எண் வருகிறது. போன வாரம்தான் பாஸ்வேர்டை மாற்றினேன். சரியாகத்தான் அடிக்கிறேன். என்ன செய்வது?

உங்கள் விரல்கள் மேல் தப்பில்லை. கம்ப்யூட்டர்தான் பழைய பாஸ்வேர்டை விடாப்பிடியாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. 1326 என்றால் யூசர் நேமோ பாஸ்வேர்டோ பொருந்தவில்லை. அது திரும்பத் திரும்ப நடந்தால் சர்வர் கணக்கையே பூட்டிவிடும், அதுதான் 1909.

கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' போய், 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' பகுதியில் அந்த சர்வர் பெயரில் உள்ள பதிவை நீக்குங்கள். அதன்பிறகே அட்மினிடம் கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். வரிசை மாறினால் பழைய பாஸ்வேர்டு மறுபடியும் பூட்ட வைத்துவிடும்.

அப்படியும் மசியவில்லையா? டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4740 என்ற பதிவை அட்மின் பார்க்கட்டும். தப்பான முயற்சி எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று பெயரோடு இருக்கும். பல நேரம், நீங்கள் லாக்-ஆஃப் செய்ய மறந்த இன்னொரு சிஸ்டம்தான் குற்றவாளி.

1398 வந்தால் மட்டும் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். சர்வர் நேரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

அவசரப்பட்டுப் பாஸ்வேர்டை இன்னொரு முறை மாற்றிவிடாதீர்கள். குழப்பம் இரட்டிப்பாகும்!