கலைஞரைப் புரத்தல்

நுழையும்முன்

ஓர் ஓவியம் விற்றால்தான் அடுத்த ஓவியத்திற்கு வண்ணம் வாங்க இயலும் என்னும் நிலையில் வாழும் கலைஞர், புதியதை முயன்று பார்க்கத் தயங்குவார். அத்தயக்கத்தை நீக்குவதே புரத்தல். கலைஞரின் தன்மதிப்புக் குன்றாமல் அதனைச் செய்வது எவ்வாறு?

அறிந்து கொடுத்தல்

பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையில் வாடும் மற்றொரு கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. எனினும், கொடுக்கும் பொருளைவிடக் கொடுக்கும் முறையே பெரிதெனப் புலவர் கருதினர். அதியமான் நெடுமானஞ்சி தம்மை நேரிற் காணாமலே அளித்த பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். தம் தகுதியறிந்து தருவது தினையளவாயினும் இனிது என்பது அவர் கொள்கை (புறநானூறு, 208).

உழைப்பில் எழுந்த ஊர்

மன்னர்களுக்குப்பின் அரசு அப்பொறுப்பை ஏற்றது. 1954ஆம் ஆண்டு லலித் கலா அகாதெமி தோன்றியது. ஆயினும், கற்றுத் தேர்ந்த ஓவியர் பலர் பிழைப்பிற்காகத் தூரிகையைக் கைவிடும் நிலை நீடித்தது. சென்னை அரசு ஓவியப் பள்ளி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் இதற்கு மாற்று தேடினார். அவர் வழிகாட்ட, கலைஞர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயில் நிலம் வாங்கி, 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். கைவினை வயிற்றைக் காத்தது. ஓவியம் சந்தையின் விருப்பத்திற்கு வளையாமல் நின்றது.

விருதும் நல்கையும்

விருது, முடிந்த பணிக்குரிய பாராட்டு. நல்கை, இனிச் செய்யவிருக்கும் பணிக்குரிய நம்பிக்கை. பெங்களூரில் 1993இல் நிறுவப்பெற்ற இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், 1995 முதல் நல்கை வழங்கி வருகிறது. கலைஞர் தம் திட்டத்தை எழுதி அளிக்க, துறையறிந்தோர் அதனை ஆராய்வது நல்கையின் பொதுமுறை. தகுதியறிந்து தரவேண்டும் என்ற பெருஞ்சித்திரனாரின் கருத்தே இதன் உயிர்நாடி.

ஆனால், இம்முறையிலும் ஒரு குறை உண்டு. இரவெல்லாம் ஆடவல்ல கூத்துக் கலைஞர்க்கு நான்கு பக்க விண்ணப்பம் பெருந்தடையாகலாம். எழுத்துத்திறனைக் கலைத்திறனாகக் கொள்ளும்போது, காணாமல் கொடுப்பதைப்போலவே காணாமல் மறுப்பதும் நிகழ்கிறது. ஆகவே, கொடுப்போர் கலைஞரைத் தேடிச் செல்லவேண்டும். பெற்றோர் பெறாதவர்க்கு வழிகாட்டவேண்டும். ஆற்றுப்படையின் தேவை இன்றும் தீரவில்லை.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊர்க் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் செய்ய விரும்பும் புதிய பணியையும் அதற்கான தேவைகளையும் கேட்டறிந்து, அவருக்காக ஒரு நல்கை விண்ணப்பம் எழுதுக.