கொலு பொம்மைக்கு நிழல்: முதலில் கிம்ப்பில், பிறகு பிரஷ்ஷில்

நவராத்திரிக்கு முன்பு மயிலாப்பூர் மாட வீதியில் ஆசையாக வாங்கி வந்த பொம்மை, வீட்டுக் கொலுப்படியில் ஏறியதும் தட்டையாகத் தெரிகிறதா? குறை பொம்மையில் இல்லை, அதன் அளவில் இருக்கிறது. ஆள் உயரச் சிலையில் சேலை மடிப்பு இரண்டு அங்குல ஆழமாவது இருக்கும். அங்கே நிழல் தானாகவே விழும். அரையடி பொம்மையில் அதே மடிப்பின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். டியூப்லைட் வெளிச்சம் அதற்குள்ளும் புகுந்துவிடுகிறது. விழாத அந்த நிழலை நாமே கொடுப்பதற்காக வந்ததுதான் ஷேடு பெயிண்ட்.

சின்னஞ்சிறு போர்வீரர் பொம்மைகளை விற்கும் இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம், தன் சிட்டாடல் பெயிண்ட் வரிசையில் 2012-ல் ஷேடு என்று ஒரு தனிப் பிரிவையே கொண்டுவந்தது. அதில் நல்ன் ஆயில் என்ற கறுப்பும், அக்ராக்ஸ் எர்த்ஷேடு என்ற பழுப்பும் பொம்மைப் பிரியர்களிடையே பிரபலம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தண்ணீர் போல ஓடும் பெயிண்ட், மேட்டில் தங்காமல் பள்ளத்தில் போய்த் தேங்கும். காய்ந்ததும் மடிப்பின் உள்பக்கம் அடர்த்தியாகவும் மேல்பக்கம் வெளிச்சமாகவும் தெரியும்.

சரி, கம்ப்யூட்டர் பத்திரிகையில் இது எதற்கு என்கிறீர்களா? போன வருடம் எங்கள் பாட்டியின் செட்டியாரம்மா பொம்மைக்கு இப்படி நிழல் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தேன். கறுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீரில் கரைத்து முகத்தில் தடவினேன். பழைய மண் பொம்மை, நீரில் கரையும் பெயிண்ட். புருவமும் உதடும் பிரஷ்ஷோடு வந்துவிட்டன. பிரஷ்ஷில் கண்ட்ரோல் + இசட் கிடையாது. இந்த வருடம் செட்டியாரை எடுத்தபோது அம்மா சொன்னது ஒன்றுதான்: "கம்ப்யூட்டர்ல என்ன வேணா பண்ணிக்கோ, பொம்மைல கை வைக்காதே." யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான வழி.

இதற்கு நாம் பயன்படுத்தப்போவது கிம்ப் என்ற இலவச சாப்ட்வேர். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 1995-ல் தொடங்கியது. கிம்ப் டாட் ஓஆர்ஜி தளத்திலிருந்தே டவுன்லோடு செய்யுங்கள். வேறு தளங்களில் கிடைப்பதை நம்ப வேண்டாம்.

பொம்மையை ஜன்னல் ஓரமாக வைத்து, ப்ளாஷ் இல்லாமல் மொபைலில் போட்டோ எடுங்கள். யுஎஸ்பி கேபிள் மூலம் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, கிம்ப்பில் பைல் மெனு, ஓபன் வழியாகத் திறங்கள். அடுத்து லேயர் மெனுவில் நியூ லேயரைக் கிளிக் செய்யுங்கள். தோன்றும் டயலாக் பாக்ஸில் பெயராக ‘நிழல்’ என்று கொடுத்து, மோடு என்ற இடத்தில் மல்டிப்ளை என்பதையும், ஃபில் வித் என்ற இடத்தில் டிரான்ஸ்பரன்சி என்பதையும் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். போட்டோவின் மேல் ஒரு கண்ணாடித்தாளை விரித்துவிட்டோம். இனி நாம் வரைவதெல்லாம் இந்தத் தாளில்தான்.

மல்டிப்ளை என்றால் பெருக்கல். கீழே உள்ள நிறம் 80 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, மேலே நாம் பூசும் நிறம் பாதியை மட்டும் விடுகிறது என்றால், கண்ணுக்கு வருவது 40 சதவீதம். கீழே உள்ள நிறம் மறையாது, ஆழமாகும். பொம்மை மேல் மெல்லிய பெயிண்ட் படலம் செய்வதும் ஏறத்தாழ இதே பெருக்கல்தான். அதனால்தான் இந்த ஒத்திகைக்கு மதிப்பு.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நானும்தான். நிழல் என்றதும் கை கறுப்புக்குப் போகிறது. கறுப்பு வைத்த மடிப்பு, அழுக்குப் படிந்தது போல இருக்கும். கலர் பிக்கர் டூலை எடுங்கள். லேயர் பட்டியலில் போட்டோ லேயரைத் தேர்ந்தெடுத்து, செட்டியாரம்மாவின் ரோஸ் நிறச் சேலையில் ஒரு கிளிக். பிறகு மறக்காமல் ‘நிழல்’ லேயருக்குத் திரும்பி வந்து, அதே ரோஸ் நிறத்தால் மடிப்பில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ரோஸை ரோஸால் பெருக்கினால் அடர் ரோஸ்! சேலை அழுக்காகாமலே மடிப்பு உள்ளே போய்விடும். மஞ்சளுக்கும் பச்சைக்கும் இதே வழிதான். செட்டியாரின் வெள்ளை வேட்டிக்கு மட்டும் இது பலிக்காது. வெள்ளையை வெள்ளையால் பெருக்கினால் வெள்ளைதானே வரும். அங்கே வெளிர் நீலச் சாம்பல் வையுங்கள். முகத்துக்கும் கைக்கும் செம்பழுப்பு.

பெயிண்ட்பிரஷ் டூலில் ஓரம் மென்மையான பிரஷ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒப்பாசிட்டியை 30-க்கு இறக்குங்கள். மவுஸ் பட்டனை விட்டுவிட்டு மீண்டும் இழுத்தால் அடர்த்தி கூடும், இரண்டாவது கோட்டிங் கொடுப்பது போல. மூக்கின் பக்கவாட்டு, மீசைக்குக் கீழ், வளையலுக்கும் கைக்கும் இடைப்பட்ட கோடு, மடிப்பின் அடி, இவ்வளவு போதும். கன்னத்திலும் தொப்பையிலும் பூசாதீர்கள். தொப்பை முன்னால் தெரிவதே அதற்குக் கீழே உள்ள நிழலால்தான். பூசிய ஓரம் வெட்டினாற்போல் இருந்தால், பில்டர்ஸ் மெனு, ப்ளர், காஸியன் ப்ளர் சென்று சிறிய எண் ஒன்றைக் கொடுங்கள்.

லேயர் பட்டியலில் உள்ள கண் படத்தைக் கிளிக் செய்தால் நிழல் மறையும், மீண்டும் கிளிக் செய்தால் வரும். இதை நாலைந்து முறை செய்து பாருங்கள். நிழல் போட்டது தனியாகக் கண்ணில் பட்டால், அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். லேயரின் ஒப்பாசிட்டியைக் குறைத்துவிடலாம். சேவ் செய்தால் எக்ஸ்சிஎஃப் பைலாக லேயர்களோடு இருக்கும். உறவினர்களுக்கு அனுப்ப ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ கொடுத்து ஜேபெக் ஆக மாற்றுங்கள்.

பிரஷ்ஷைத் தொடும் முன் ஒரு சோதனை. காது குடையும் பஞ்சுக்குச்சியை லேசாக ஈரமாக்கி, பொம்மையின் அடிப்பக்கப் பெயிண்டில் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தப் பொம்மைக்குத் தண்ணீர் ஆகாது. பண்ருட்டி, விளாச்சேரி, காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு என்று எங்கே செய்த பொம்மையானாலும் இந்தச் சோதனை அவசியம். நிறம் ஏறாவிட்டால், ஸ்க்ரீனில் பிடித்துப்போன அதே நிற அக்ரிலிக்கைப் பால் கலக்காத டீயின் பதத்துக்குக் கரைத்து, பிரஷ்ஷின் நுனியால் பள்ளத்தில் மட்டும் விடுங்கள். மேட்டில் பட்டதை உடனே ஈரப் பிரஷ்ஷால் ஒற்றி எடுத்துவிடுங்கள். எங்கள் பள்ளிக்கரணைப் பக்கம் சதுப்பு நிலக் காற்றில் இது காய அதிக நேரம் பிடிக்கிறது. முழுக்கக் காயாமல் இரண்டாவது கோட்டிங் போடாதீர்கள்.

செட்டியாரின் அடிப்பக்கத்தில் தேய்த்த பஞ்சு ரோஸாகிவிட்டது. அவரை அப்படியே துணியில் சுற்றி, பெட்டியில் வைத்துவிட்டேன். ஸ்க்ரீனில் இருந்த செட்டியாரை அம்மா வந்து பார்த்தார். "மீசைக்குக் கீழே ஜாஸ்தி" என்றார். கண்ட்ரோல் + இசட், இரண்டு முறை.